ரூத் அண்ணி சுருட்டிய துணி

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதுவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனாரும் கூட இருந்துவிட்டால் உடையாத குடமும் உடைந்ததாகிவிடும். நானும் அப்படிப்பட்ட நாத்தனார்தான். அண்ணி வைக்கிற மீன் குழம்பில் புளி தூக்கல் என்று இன்றைக்கும் சொல்வேன், அது உண்மையும்கூட. ஆனால் என் அண்ணி ரூத்தைப் பற்றி வெளியாள் வாயைத் திறந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. போன வருடம் விமானம் விழுந்த பிறகு நிறையப் பேர் வாயைத் திறந்தார்கள். "காலனிப் பொம்பள ஒருத்தி அஞ்சு பேரக் கொன்னுட்டா" என்று செல்போனில் சுற்றவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். அதனால் நான் எழுதுகிறேன்.

அண்ணி புதுப்பட்டினத்துப் பெண். அவள் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் மகளைப் பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். என் அண்ணன் கிருபாகரனுக்கு நெம்மேலியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. எனக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சம்பளம் போடுகிற பிரிவில் வேலை. எங்கள் காலனி செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வேதக்காரர்களும் இந்துக்களும் பாதிக்குப் பாதி. கோயில் வேறு, சர்ச் வேறு, சுடுகாடு ஒன்றுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டிய கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக நின்று மடிப்பாள். முனையோடு முனை ஒட்டிக்கொள்ளும், ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் வீட்டில் அவள் மடித்து வைத்த புடவையைப் பிரித்துக் கட்ட எனக்கு மனசு வராது. இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று பயம்.

அப்படி இருக்கும்போதுதான் விமானத்திலிருந்து குதிக்கிற கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது. மேலத்தெரு காசிநாதன் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பத்துக்காரர், இப்போது மனை வியாபாரம். நிலத்தைச் சமன் செய்து, கல் நட்டு, வாங்க ஆள் இல்லாமல் போட்டு வைத்திருந்தார். அதைக் குதிப்பவர்கள் வந்து இறங்குவதற்குக் குத்தகைக்கு விட்டார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு ஓடுபாதை போட்டார்கள். அணுமின் நிலையம் இருக்கிற கல்பாக்கம் பக்கம் விமானம் தலைகாட்டக் கூடாது என்பதால் அது கிளம்பினால் எங்கள் காலனிக்கு மேலேதான் சுற்றும். வார நாட்களில் ஒன்றிரண்டு பேராக, சனி ஞாயிறுகளில் கூட்டமாகச் சென்னையிலிருந்து காரில் வருவார்கள், மேலே போவார்கள், குதிப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். காசைக் கொடுத்துத் தேளைக் கொட்டிக்கொள்கிறவர்கள் என்று எங்கள் தெருவில் சிரித்தோம்.

குதிப்பவர்களுக்கெல்லாம் வாத்தியார் ஜெகதீசன். குரோம்பேட்டைப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. ஆரம்பத்தில் ஒருநாள் காற்று இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் போட்டுவிட்டது. முருங்கை மனிதனைத் தாங்குமா? கிளையோடு கீழே வந்தார். அண்ணி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"காயி காயா தொங்குது, மரம் கண்ணுக்குத் தெரியல? மேலேர்ந்து வந்தா கண்ணு அவிஞ்சி பூடுமா?"

"நெஜமாவே தெரியலக்கா" என்றார் அவர், முழங்கையில் ரத்தத்தோடு.

அண்ணி திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். திட்டிக்கொண்டே கிளையில் சிக்கிய கயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். திட்டி முடிப்பதற்குள் அந்தப் பெரிய பாராசூட்டைத் தரையில் போட்டு, காற்றை வெளியேற்றி, கட்டில் விரிப்பைப் போல மடித்து அவர் மடியில் வைத்துவிட்டாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

வேலை இதுதான். நீளமான இரண்டு ஆரஞ்சு நிறத் துணிகள். இறங்குகிற நிலத்தின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி விரித்து, முனைகளில் மணல் மூட்டை வைக்க வேண்டும். துணி விரித்திருந்தால் குதிக்கலாம். சுருட்டிவிட்டால் குதிக்கக் கூடாது. நிலத்தில் ஆடு மாடு இருந்தாலோ, ஆட்கள் நடந்தாலோ, காற்று கெட்டுப் போனாலோ சுருட்ட வேண்டியது அண்ணியின் பொறுப்பு. கையில் ஒரு வாக்கி டாக்கியும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதில் யார் என்ன பேசினாலும், விமானத்தின் கதவருகே நின்று குனிந்து பார்க்கிற ஜெகதீசனுக்குத் துணிதான் சட்டம். அடையாள அட்டையில் அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. தெருவில் வைத்த பெயர் "துணி காயப்போடுற வேல". நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன்.

அந்த நிலத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வழி அதன் குறுக்கேதான் போகிறது. என் அப்பா காலத்திலிருந்து மனு கொடுத்து மனு கொடுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், அது பாதை என்று ஒரு காகிதத்திலும் ஏறவில்லை. காசிநாதன் தடுத்ததும் இல்லை, விட்டுக் கொடுத்ததும் இல்லை. கம்பெனியின் மேனேஜர் வரதனிடம் அண்ணி வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னாள். "பாத்துக்கலாம்மா" என்றார். நிலத்தில் பொது வழி எதுவும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துத்தான் கம்பெனி அனுமதி வாங்கியிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது அண்ணி தெருவில் விசாரித்துக்கொண்டே போவாள். யாராவது செத்திருந்தால், எடுக்கிற நேரத்தைக் கேட்டு வரதனுக்குச் சொல்வாள். அந்த நேரத்தில் விமானம் மேலே போகாது. எழுதாத அந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் ஜெகதீசன் அண்ணியையும் மேலே கூட்டிக்கொண்டு போனார். என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனாள். கீழே என் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியது அவள்தான். ஏறுகிறவர்கள் எல்லாரும் படியில் இறங்குவார்கள், இவள் ஜெகதீசனோடு பெல்ட் கட்டிக்கொண்டு குதித்து இறங்கினாள். வந்து விழுந்ததும் கடலைப் பற்றிச் சொல்வாள், பயத்தைப் பற்றிச் சொல்வாள் என்று பார்த்தால், முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஜெனி, நீ கையாட்டிகினு இருந்தியா?"

"ஆமா அண்ணி. பாக்கலியா?"

"இல்லவே இல்ல நீ. உங்க அண்ணனும் இல்ல. மேலேர்ந்து பாத்தா மனுசாளே கெடையாதுடி. அந்தத் துணி மட்டும்தான் கீது."

அதற்குப் பிறகு நான் அந்த வேலையைக் கிண்டல் செய்யவில்லை. அண்ணியும் அதற்குப் பிறகு துணி விரிப்பதற்கு முன்னால் நிலத்தை ஒரு சுற்று அதிகமாகவே சுற்றி வந்தாள்.

இனி அந்த நாள். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் சந்திரம்மா இறந்து போனார். வயதான மனுஷி, நடவுப் பாட்டு பாடினால் நாலு கழனிக்குக் கேட்கும். மகன் பெங்களூரிலிருந்து வர வேண்டும், நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவானது. அண்ணி வரதனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். நான் லீவு போட்டுவிட்டுச் சாவு வீட்டில் இருந்தேன். மகன் காலையிலேயே வந்து சேர்ந்தான். வெயில் ஏறியதும் கரண்ட் போயிற்று. உடம்பை வைத்திருந்த ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. போன் போட்டுப் பார்த்தால் கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். இனிமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர் தாவீது சொல்ல, அவசர அவசரமாகப் பூப்பாடை கட்டித் தூக்கினார்கள். மேளமும் வாணமும் ஏற்கெனவே தயாராக இருந்தன. அந்தப் பரபரப்பில் அண்ணிக்கு ஒரு போன் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சந்தியைத் தாண்டி நிலத்தின் விளிம்புக்கு வரும்போதே மேளச் சத்தம் கேட்டு அண்ணி எதிரே ஓடி வந்தாள். தலைக்கு மேலே விமானம் இரைந்துகொண்டிருந்தது.

"மாமா, ஆளு மேல கீறாங்க. குதிக்கிற நேரம். செத்த நேரம் இங்கியே நில்லுங்க மாமா, எறக்கி வைங்க."

தாவீதுக்கு முகம் சுருங்கியது. "இன்னாம்மா பேசுற? சந்தியில ஒருவாட்டி எறக்கியாச்சி. இனிமே குழியிலதான் எறக்கணும். நடு வழியில எறக்குனா ஊருக்கு ஆவுமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் வழக்கத்தில் தூக்கிய பாடையைச் சந்தியில் ஒரே ஒரு முறை இறக்கித் திசை மாற்றுவார்கள். அதற்குப் பிறகு நிற்கவும் கூடாது, திரும்பவும் கூடாது. இறக்கினால் அந்த இடத்துக்கு அடுத்த சாவு வரும் என்பது எங்கள் பயம். சர்ச்சுக்குப் போகிற நாங்களும் அதை மீறியதில்லை. அண்ணிக்கும் அது தெரியும். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. திரும்பி ஓடினாள். பெண்கள் நாங்கள் சந்தியோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும், விமானச் சத்தம் கேட்டு நான் மட்டும் கூடவே வந்திருந்தேன். இப்போதும் திரும்பாமல் அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

மணல் மூட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, அந்த இரண்டு துணிகளையும் அவள் சுருட்டிய வேகத்தை நான் பார்த்தேன். எங்கள் ஜனம் முழுதும் நிலத்துக்குள் வந்துவிட்டது. பையன்கள் வாணம் விட்டுக்கொண்டு போனார்கள், அது சீறிக்கொண்டு மேலே போய் வெடித்தது. வாக்கி டாக்கியில் வரதன் கத்தினார்.

"ரூத், துணி எங்கம்மா? சுத்திக்கிட்டு இருக்காங்க!"

"சாவு போவுது சார். வாணம் வுட்டுகினு போறாங்க. ப்ளேன எறக்கிடுங்க சார், ஆளோட எறங்கட்டும்."

"இன்னும் ஒரு ரவுண்டு அடிக்கட்டும். அதுக்குள்ள போயிடுவாங்கல்ல?"

"இது சாவு சார், மெதுவாத்தான் போவும். எறக்கிடுங்க."

ஒரு ரவுண்டு, இன்னொரு ரவுண்டு, இன்னும் ஒன்று. குதிக்காமல் இறங்கினால் வந்தவர்களின் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்ற கவலை மேனேஜருக்கு. கடைசியில் பொறுமை இழந்து, "துணிய விரிச்சிடு, அவங்க ஒதுங்கி எறங்கிப்பாங்க" என்றார்.

"விரிக்க மாட்டேன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகுதான் விமானத்தைக் கீழே இறக்கச் சொன்னார்கள். அது ஓடுபாதைக்காக ஏரிப் பக்கம் திரும்பித் தாழ்ந்தது. மிக்சி ஓடும்போது கரண்ட் போனால் எப்படி இருக்கும், அப்படிச் சத்தம் பட்டென்று நின்றது. பனைமரங்களுக்குப் பின்னால் அது விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். குதிக்கலாம் என்றால் அந்தத் தாழ்வில் பாராசூட் விரிய நேரமில்லை. விமானி, ஜெகதீசன், அன்றைக்குக் குதிக்க வந்திருந்த மூன்று பேர், ஐந்து பேரும் போய்விட்டார்கள்.

மேளம் நின்றது. சந்திரம்மாவைத் தோளில் சுமந்த நாலு பேரும் மகனும் மட்டும் சுடுகாட்டுக்குப் போக, மற்ற அத்தனை ஆண்களும் ஏரிக்கு ஓடினார்கள். தாவீதும் ஓடினார். சேற்றில் இறங்கி ஐந்து பேரையும் கரைக்குக் கொண்டு வந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். இதைச் செல்போனில் யாரும் சுற்றவிடவில்லை. அண்ணி அந்த ஆரஞ்சுத் துணிகளைப் பிரித்து அவர்களை மூடினாள். ஜெகதீசனின் நெற்றியில் இருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் மூடினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், "நான் விரிச்சிருந்தா குதிச்சிருப்பாங்க ஜெனி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து வரதன் வந்தார். பாவம், அவருக்கும் தூக்கமில்லாத முகம். ஆனாலும் பேச வந்ததைப் பேசினார்.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க ரூத். காத்து திடீர்னு மாறிச்சு, அதனால சுருட்டினேன்னு சொல்லிடு. சாவு ஊர்வலம்னு ஒண்ணு இருந்ததாவே வேணாம். உனக்கும் பழி இல்ல, உங்க ஜனத்துக்கும் பழி இல்ல."

கம்பெனிக்கும் பழி இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. வழியே இல்லாத நிலம் என்று எழுதிக் கொடுத்ததும் வெளியே வராது, இன்னும் ஒரு ரவுண்டு என்று இழுத்ததும் வெளியே வராது. பழியெல்லாம் காற்றோடு போய்விடும்.

எனக்கு எரிச்சல் வந்தது அவர்மேல் அல்ல, எங்கள் ஆட்கள்மேல். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் கூடி, அதையே சொன்னார்கள். காலனிச் சாவால்தான் விமானம் விழுந்தது என்று வந்தால் காசிநாதன் வேலி போட்டுவிடுவார், பிறகு பிணத்தை எங்கே கொண்டு போவது என்றார்கள். என் அண்ணன்கூட, "சொல்லிடு ரூத், உன்னைக் கொலைகாரின்னு சொல்றதக் கேட்டுகினு என்னால இருக்க முடியல" என்றான். தாவீது அண்ணியின் முன்னால் வந்து நின்றார். "நான்தாம்மா எறக்கக் கூடாதுன்னு சொன்னவன். அந்தப் பழிய என்னால சொமக்க முடியாது. காத்துன்னு சொல்லிடும்மா."

அண்ணி எழுந்து நின்றாள்.

"மாமா, நீங்க மட்டும் இன்னா, நானும் ரெண்டாவது வாட்டி கேக்கலியே. எனக்கும் அந்த பயம் இருந்திச்சி. அத வுடுங்க. சந்திரம்மா அத்த அந்த வழியாத்தான போனாங்க? சாவே போவலன்னு நான் சொன்னா, அவுங்க எந்த வழியா போனாங்க? வேலி போட்டுடுவாங்கன்னு பயந்துகினு, அங்க வழியே இல்லன்னு நம்ம வாயால நாமளே சொல்லிட்டா, நாளிக்கி எந்த மூஞ்சோட தூக்கினு போவீங்க?"

தாவீதை விட்டு அண்ணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு. அஞ்சு பேரையும் பெத்தவங்க கீறாங்க. எதனால செத்தாங்கன்னு அவுங்களுக்குத் தெரிய வேணாமா? காத்து மேல பழி போட்டா, காத்து வந்து பேசுமா?"

ஒரு கூட்டத்தில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் என் அண்ணி. அன்றைக்குப் பேசினாள். கூட்டம் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். முணுமுணுத்துக்கொண்டுதான் கலைந்தது. தாவீது மட்டும் அண்ணியிடம் வந்து, "நானும் வர்றேம்மா. நான் சொன்னத நானே சொல்றேன்" என்றார்.

செங்கல்பட்டில் ஒரு அலுவலகத்தில் விசாரணை. நானும் கூடப் போனேன். அண்ணி அவளே மடித்து வைத்திருந்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வழியைச் சொன்னாள், சாவைச் சொன்னாள், இறக்கி வைக்கச் சொல்லிக் கேட்டதைச் சொன்னாள், இன்னும் ஒரு ரவுண்டு என்று வரதன் சொன்னதைச் சொன்னாள். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது வந்தபோது குரலைத் தாழ்த்தவில்லை. "சுருட்டுனது நான்தான் சார். விரிக்கச் சொன்னாங்க, விரிக்க மாட்டேன்னு சொன்னதும் நான்தான்." எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையைத் தூக்கி, "இப்படிச் சொன்னா பழி உங்க மேல வரலாம்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகையும் வந்தது, யாரையாவது பிடித்து இவள் என் அண்ணி என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

பழி வந்தது. கொஞ்ச நஞ்சமல்ல. பெயரைப் போட்டு, தெருவைப் போட்டு, சாதியைப் போட்டு எழுதினார்கள். என் ஆபீஸில் ஒருத்தி சாப்பாட்டு மேஜையில் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தாள். அது என் அண்ணிதான் என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள், நான் என்னுடையதைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டேன். கம்பெனி மூடியது, அண்ணி மறுபடியும் ஓட்டல் சலவைக்குப் போனாள்.

சில மாதங்களில் விசாரணை முடிவு வந்தது. குதிக்கிற ஆட்களோடு பாரம் கூடக் கூடாது என்று விமானத்தில் எரிபொருளை அளவாகத்தான் நிரப்புவார்களாம். வீணாகச் சுற்றிய சுற்றில் அது தீர்ந்திருக்கிறது. துணி சுருட்டியவுடன் இறக்கியிருக்க வேண்டும், இறக்காதது கம்பெனியின் தவறு என்று எழுதினார்கள். துணியைச் சுருட்டியது முறைப்படி செய்தது என்றும் எழுதினார்கள். அதே விசாரணையில், பொது வழி உள்ள நிலத்துக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வர, சர்வேயர் சங்கிலியோடு வந்து அந்த வழியை அளந்து, கல் நட்டு, சுடுகாட்டுப் பாதை என்று பதிந்தார். எத்தனை வருஷ மனுவுக்கு வராதவர் அவர். தெருவில் சிலர் அண்ணிக்கு மாலை போட வேண்டும் என்றார்கள். "அஞ்சு பேரு செத்து வந்த கல்லு அது. மால கீல எடுத்துகினு வூட்டுப் பக்கம் வராதீங்க" என்று விரட்டிவிட்டாள்.

எல்லாம் அடங்கியது என்று நாங்கள் நினைத்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் வந்து, சாலையிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"ரூத்துங்கறது..."

"நான்தாங்க."

"நான் ராகவன். ஜெகதீசனோட அப்பா."

அண்ணன் அவசரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டான். அண்ணி தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் உட்கார்ந்தார், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. ரிப்போர்ட்டெல்லாம் படிச்சுட்டேன். அதுல இது இல்ல. நீ அந்தத் துணிய சுருட்டாம இருந்திருந்தா என் பையன் இன்னிக்கு இருப்பானா?"

அண்ணன் குறுக்கே வந்தான். "சார், பெட்ரோல் தீந்துதான்..."

அண்ணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "இருப்பாரு சார். மொத ரவுண்டுலயே குதிச்சிருப்பாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு உங்க வூட்ல இருந்திருப்பாரு."

ஒரு 'ஆனால்' சேர்க்கக் கூடாதா என்று மனதுக்குள் கத்தினேன். அவள் சேர்க்கவில்லை.

பெரியவர் தெருப் பக்கம் திரும்பினார். அங்கே குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதே மாதிரி இன்னொரு நாள் வந்தா?"

"சுருட்டுவேன் சார்" என்றாள் அண்ணி.

அவர் சொம்பைத் தூக்கித் தண்ணீர் முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார்: "அவன் எறங்கி இங்க ஒருத்தர் மேல விழுந்திருந்தாலும் நான் இந்தத் தெருவுக்கு வந்திருப்பேன்மா. வேற ஒரு வாசல்ல, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னிருப்பேன். அவன் உயிரோட இருந்திருப்பான், ஆனா அவனால இருந்திருக்க முடியாது. எனக்கு அவனத் தெரியும்." சொம்பைக் கீழே வைத்தார். "நீ செஞ்சது சரின்னு சொல்லத்தான் வந்தேன். வாயால சொல்ல முடியுமான்னு தெரியாமத்தான் பஸ் ஏறினேன். சரிம்மா. நீ சுருட்டினது சரி."

அண்ணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஏரிக்கரையில் வராத அழுகை, விசாரணையில் வராத அழுகை, ஊர் பேசியபோதெல்லாம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. தெருவே வந்து பார்க்க, வாய்விட்டு அழுதாள். பெரியவர் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். என் அண்ணன் ஓடிப் பிடிக்கப் போனான், நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அழட்டும் என்றேன். அவள் அழுவதையும் நான் பெருமையோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.